பன்னிரண்டு பெட்டி மொய்

நீலக் கண்ணாடியில் கோடு இழுத்து முடித்து, அதை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி உடைக்கப்போன நேரத்தில் யாரோ கடைக்குள் வந்து பெயரைச் சொன்னார்கள்.

"எவரிஸ்தோ லிமாச்சி நீங்கதானே?"

எவரிஸ்தோ தலையை நிமிர்த்தினான். கண்ணாடி, போட்ட கோட்டை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த வழியில் உடைந்தது.

"நான்தான். இப்ப ஒரு கண்ணாடி போச்சு. என்ன வேணும்?"

"கோர்ட்லேருந்து வரேன். இங்க ஒரு கையெழுத்து. கீழ ஒண்ணு."

வந்தவன் போன பிறகு எவரிஸ்தோ காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். வாதி, செனோன் தார்க்கி, பழ வியாபாரி. பதினோரு வருடங்களுக்கு முன்பு பிரதிவாதியின் திருமணத்தில் வாதி மொய்யாக வைத்த பன்னிரண்டு பெட்டி பீர் இன்றுவரை திரும்ப வைக்கப்படவில்லை. இப்போது வாதியின் வீட்டில் விசேஷம் வருகிறது. பிரதிவாதி முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

பின்னறையிலிருந்து அவன் மனைவி இலாரியா துடைப்பத்தோடு வந்தாள்.

"என்னய்யா உடைச்ச?"

அவன் காகிதத்தை நீட்டினான். அவள் படிக்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாத முகத்தைத்தான் அவன் எப்போதும் அதிகம் நம்பாமல் இருந்தான்.

"நியாயம்தானே," என்றாள் இலாரியா. "வச்ச மொய்யைத் திருப்பி வைக்கணும். பன்னெண்டு பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிட்டு வா. முடிஞ்சுது."

"அவ்வளவு அவசரமா?"

"யாருக்கு?"

"உனக்கு. அந்த ஆளுக்குக் கொடுக்கறதுக்கு."

இலாரியா கூட்டுவதை நிறுத்தினாள். "பதினோரு வருஷம் ஆச்சு. இன்னுமாய்யா?"

அறை மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அவனுடைய அம்மா மெல்ச்சோரா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "எத்தனை பெட்டின்னு போட்டிருக்கு?"

"பன்னெண்டு."

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

பொலிவியாவின் எல் ஆல்தோவில் மொய் பீர்ப் பெட்டியாகத்தான் வரும். தோளில் சுமந்து, பாண்டு முழங்க, ஆடிக்கொண்டே வந்து மணமக்களுக்கு முன்னால் அடுக்குவார்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வார். வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அதே எண்ணிக்கை திரும்பிப் போக வேண்டும். அப்பா இறந்து சில வருடம் கழித்து நடந்த எவரிஸ்தோவின் கல்யாணத்தில் கூடப்பிறந்த அண்ணன் ஆறு பெட்டி வைத்தான். கண்ணாடிக்காரர்கள் சங்கம் மொத்தமாகச் சேர்ந்து எட்டு வைத்தது. செனோன் தார்க்கி, எந்த உறவும் இல்லாத மனிதர், தன் லாரியை மண்டபத்து வாசலில் நிறுத்திப் பன்னிரண்டு இறக்கினார்.

ஏன் என்ற கேள்வி அன்றைக்கே எவரிஸ்தோவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் இலாரியா சந்தையில் மூன்று மாதம் ரொட்டி விற்றாள். பக்கத்துக் கடை செனோனுடைய ஆரஞ்சுக் கடை. மனைவியை இழந்தவர், சொந்த லாரி, முன்பக்கம் இரண்டு தங்கப்பல், சிரித்தால் ஆரஞ்சு விளையும் பள்ளத்தாக்கின் வெயில் அடிக்கும். எவரிஸ்தோவுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. கல்யாணத்துக்குப் பின் செனோனிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் பிரிக்காமல் கிழித்தான். இரண்டு தடவை ஆளே கடைக்கு வந்தார். இரண்டு தடவையும் ஷட்டரை இழுத்து மூடினான். ஒரு தடவை மூடியபோது உள்ளே வாடிக்கையாளர் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

ஷட்டர் கோர்ட் காகிதத்தைத் தடுக்காது என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

கோர்ட் வாசல் நடைபாதையில் பிளாஸ்டிக் குடைக்குக் கீழே டைப்ரைட்டர் வைத்திருந்தாள் ரெமெதியோஸ். பத்தொன்பது வருடமாக அதே இடம். சட்டம் படித்ததில்லை, டைப் அடித்து அடித்தே கற்றுக்கொண்டாள்.

"வக்கீல் கையெழுத்து?" என்று கேட்டான் எவரிஸ்தோ.

"மாடியில இருக்காரு. படிக்காம நல்லாப் போடுவாரு. நீ விஷயத்தைச் சொல்லு தம்பி."

"எனக்கு அந்த ஆளைத் தெரியாது, அப்படி ஒரு மொய்யும் வரலைன்னு அடிங்க அக்கா."

அவள் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாத ஆளைப் பத்திப் பேசும்போது கழுத்து நரம்பு ஏன் இப்படிப் புடைக்குது?"

"நீங்க அடிங்க."

அடித்தாள். பன்னிரண்டு நாள் கழித்து வாதியின் தரப்பிலிருந்து மறுமொழி வந்தது. அதோடு ஒரு கல்யாணப் புகைப்படம். பின்னால் பன்னிரண்டு பெட்டிகள் கோபுரமாக, அதன் ஓரத்தில் அம்மா. நடுவில் செனோன். அவர் தொப்பியில் வண்ணக் காகிதப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தது இலாரியாவின் கை.

"தெரியாதுன்னு சொன்னியே, அந்த ஆளோட தோள்ல கிடக்கறது யாரு கை தம்பி?" என்று கேட்டாள் ரெமெதியோஸ்.

எவரிஸ்தோ குனிந்து பார்த்தான். அவனுடைய கை.

"கல்யாணத்துல எல்லார் தோள்லயும் கை போடறதுதான்."

"சரி. சத்தியம் பண்ணி எழுதின பொய்யை இப்ப எப்படி வாபஸ் வாங்கப் போற?"

அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. புகைப்படத்தில் செனோன் காமிராவைப் பார்க்கவில்லை என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் படத்தில் காமிராவைப் பார்க்காத மனிதன் எதைப் பார்க்கிறான்? வீட்டுக்கு வந்து, கண்ணாடி அளக்கும் எஃகு அளவுகோலை எடுத்து, செனோனின் கருவிழியிலிருந்து ஒரு நேர்கோடு வைத்தான். கோடு இலாரியாவின் வலது காதுத் தொங்கட்டானைத் தொட்டது.

பதினோரு வருடம் ஊகமாக இருந்தது இப்போது மில்லிமீட்டரில் இருந்தது.

"போட்டோவை வச்சு என்னய்யா பண்ற?" என்றாள் இலாரியா.

"அளக்கறேன்."

"எதை?"

அளவுகோலைத் துடைத்து உறையில் போட்டான்.

மறுநாள் அவன் ரெமெதியோஸிடம் சொன்னது தெளிவாக இருந்தது. பெட்டி வந்தது உண்மை. ஆனால் அது மொய் இல்லை, அன்பளிப்பு. மொய் என்றால் திரும்ப வைக்க வேண்டும். அன்பளிப்புக்கு அந்தப் பேச்சே இல்லை.

"கெட்டிக்காரத்தனம்," என்று ரெமெதியோஸ் காகிதத்தைச் செருகினாள். "சட்டப்படி நிக்கும். ஆனா அன்பளிப்புன்னா காரணம் எழுதணும். உறவா?"

"இல்ல."

"கூட வேலை பாத்தவரா?"

"இல்ல."

"உங்க அப்பாவோட சிநேகிதரா? ஊர்க்காரரா? உன் உசுரைக் காப்பாத்தினவரா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குத்தான் பன்னெண்டு பெட்டி கொடுத்தாரு?"

எவரிஸ்தோ தெருவைப் பார்த்தான். ஒரு மினிபஸ் போயிற்று. இன்னொரு மினிபஸ் போயிற்று. அவள் காத்திருந்தாள்; அவளுக்கு நேரத்துக்குக் காசு இல்லை, பக்கத்துக்குத்தான்.

"என்னை எதுவும் கேக்காதீங்க," என்றான் கடைசியில். "ஏதாவது போடுங்க."

ரெமெதியோஸ் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பத்தொன்பது வருட அனுபவத்தோடு, தானாகவே அடித்தாள். 'மேற்படி வாதி, பிரதிவாதியின் மனைவி மேல் தனக்கிருந்த ஆழ்ந்த அன்பின் காரணமாக, எதையும் எதிர்பாராமல், மேற்படி பெட்டிகளை வழங்கினார்.'

மாடியில் வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எவரிஸ்தோவும் படிக்காமல் போட்டான்.

கோர்ட்டில் தாக்கலாகும் காகிதத்துக்கு ஒரு நகல் உண்டு. நகலைக் கொண்டுவந்து கொடுப்பவன், கடை பூட்டியிருந்ததால் அதைக் கண்ணாடிக்காரர்கள் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் எவரிஸ்தோ சங்கத்துக்குள் நுழைந்தபோது டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஆறு பேரும் கட்டையைக் கீழே வைத்தார்கள்.

"வாப்பா," என்றார் செயலாளர். "எம் பொண்டாட்டி மேல யாருக்காவது ஆழ்ந்த அன்பு இருக்கான்னு நானும் விசாரிச்சேன். நாலு பெட்டிக்கு மேல யாரும் ஏறல."

"அதெல்லாம் கோர்ட் பாஷை அண்ணே."

"முத்திரை எல்லாம் ஒட்டியிருக்கே. அரசாங்கமே ஒத்துக்கிட்ட அன்பா இருக்கு."

அவன் நகலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஆனால் சங்கத்திலிருந்து வீட்டுக்கு அவன் ஓடும் வேகத்தைவிடச் செயலாளரின் மனைவி போனில் பேசும் வேகம் அதிகம். வீட்டில் சூப் ஒரு கிண்ணத்தில்தான் இருந்தது. அதை இலாரியா குடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கொடு," என்று கையை நீட்டினாள்.

படித்தாள். இரண்டு முறை படித்தாள். காகிதத்தை நான்காக மடித்து, கிண்ணத்துக்குக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம் நீ இதை உம் மனசுல வச்சிருந்த. சகிச்சுக்கிட்டேன். இப்ப முத்திரை ஒட்டி ஊருக்குக் கொடுத்திருக்க. கேளு. அந்த மனுஷனையும் என்னையும் சேத்து நீ இன்னொரு காகிதம் எழுதினா, நான் கொச்சபாம்பாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. ஒரே கூரையின் கீழ் அவள் துடைப்பம் சத்தமும் அவன் கண்ணாடி சத்தமும்தான் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. அவளைப் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயத்தில் அவன் பதினோரு வருடம் செய்த ஒவ்வொன்றும் அவளை வாசலை நோக்கி ஓர் அடி தள்ளியிருக்கிறது என்பது, இரண்டாம் நாள் கையைக் கீறிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சியபோது, அவனுக்குக் கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

அவன் மறுபடி ரெமெதியோஸின் குடைக்கு வந்தான்.

"எல்லாத்தையும் மாத்தணும். அன்பளிப்பு இல்ல. மொய்தான். வெறும் மொய். அன்பு கிடையாதுன்னு தடிச்ச எழுத்துல அடிங்க."

"அப்ப நீ கடன்காரன்."

"ஆமா."

"அவர் கேக்கறதும் அதுதானே? பேசாம பெட்டியைக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"நானா கொடுத்தா, பயந்துபோய்க் கொடுத்தேன்னு ஊர் பேசும். இது வெறும் கடன்னு கோர்ட் எழுதணும். ஜட்ஜ் கையால. அதை ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டுவேன்."

ரெமெதியோஸ் டைப்ரைட்டர் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினாள். "வாதி தோத்துடுவாரோன்னு பயப்படற பிரதிவாதியை என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் பாக்கறேன். சரி, மொய்யின்னு காட்ட ஆதாரம் வேணும். மொய் நோட்டு இருக்கா?"

நோட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மெல்ச்சோரா அதை எடுத்துக் கொடுக்கவே அரை மணி நேரம் ஆக்கினாள். எவரிஸ்தோ புரட்டினான். அண்ணன், ஆறு. சங்கம், எட்டு. அதற்கடுத்த தாள் இல்லை.

"இதுல ஒரு தாளைக் காணோமே."

"எலி தின்னிருக்கும்," என்றாள் அம்மா.

"ஒரே ஒரு தாளை மட்டுமா?"

"வயிறு சின்னது."

அவன் தைத்த இடத்தில் விரலை ஓட்டினான். எலிப் பல் இல்லை; கத்தரியால் வெட்டிய நேர்கோடு. நேர்கோடு அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் கத்தரி இலாரியாவின் தையல் பெட்டியில்தான் இருக்கும். அவன் மெதுவாக நோட்டை மூடினான். அந்த ஆளின் பெயரை வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிற அளவுக்கா? அன்று மாலை சமையலறைக் குப்பைக் கூடையில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

"யாரு ஆரஞ்சு வாங்கினது?" என்று பொதுவாகக் கேட்டான்.

"நான்தான்," என்றாள் அம்மா. "சளிக்கு."

மருமகளைக் காப்பாற்ற அம்மா பொய் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அம்மாவின் நல்ல மனசைக்கூட அந்த ஆள் விட்டுவைக்கவில்லை.

நோட்டு இல்லாமலே மூன்றாவது பதில் போயிற்று. தெரியாது, அன்பளிப்பு, மொய் என்று மூன்று பதில்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த கோர்ட், இதற்கு விசாரணை தேவையில்லை, வைத்தியம்தான் தேவை என்று நினைத்ததோ என்னவோ, சமரச அதிகாரியிடம் அனுப்பியது. வியாழக்கிழமை காலை பத்து மணி. இருதரப்பும் வர வேண்டும். இரண்டாவது பதிலில் பெயர் இருப்பதால் பிரதிவாதியின் மனைவியும் வர வேண்டும்.

பதினோரு வருடம் எந்த இரண்டு பேரை ஒரே அறையில் இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டானோ, அந்த இரண்டு பேருக்கும் அவனே அரசாங்கச் செலவில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தான்.

இலாரியா ஒன்பது நாள் மௌனத்தைக் கலைத்தாள்.

"கோர்ட்ல போய் நின்னு, எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்லன்னு நான் சொல்லணுமா? முடியாது. நானே நேரா அவர் பழம் இறக்கி வைக்கற கிட்டங்கிக்குப் போய், கேஸை வாபஸ் வாங்குங்கன்னு கேக்கப் போறேன்."

"தனியாவா?"

"பாண்டு வச்சுக் கூட்டிட்டுப் போகவா?"

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். தடுத்தால் கொச்சபாம்பா. தடுக்காவிட்டால் கிட்டங்கி. எவரிஸ்தோ பின்னறைக்கு ஓடினான்.

"அம்மா, நீயும் கூடப் போ."

"எனக்கு முட்டி வலிக்குது."

"எனக்காகப் போம்மா. கண்ணை எடுக்காதே."

"யார் மேலேருந்து?"

"அந்த ஆள் மேலேருந்து. ஒரு நிமிஷம்கூட எடுக்காதே."

மெல்ச்சோரா பெருமூச்சு விட்டாள். ஊசியையும் நூலையும் பையில் வைத்தாள். "நீ இவ்வளவு தூரம் சொல்றதனால போறேன்," என்றாள்.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவர்கள் திரும்ப ஐந்து மணி நேரம் ஆனது. எவரிஸ்தோ அதற்குள் ஒரு குளியலறைக் கதவுக்கு இரண்டு முறை தப்பான அளவில் கண்ணாடி வெட்டியிருந்தான். இரண்டு பெண்களும் ஒரு சாக்கு ஆரஞ்சைச் சுமந்துகொண்டு வந்தார்கள். இலாரியா அவனைத் தாண்டி உள்ளே போனாள். போகும்போதே வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறையிலிருந்து, கோர்ட் காகிதம் வந்த பிறகு முதல்முறையாக, அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வாபஸ் வாங்கறானா?" என்று அம்மாவைக் கேட்டான்.

"இல்ல. வியாழக்கிழமை வரட்டும், பேசிக்கலாம்னு சொல்லிட்டாரு."

"அவ ஏன் சிரிக்கறா?"

"சிரிக்கக் கூடாதா?"

"நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

"நீ சொன்ன மாதிரியே. கண்ணை எடுக்கல."

"அவன் இவளை எத்தனை தடவை பாத்தான்?"

அம்மா யோசித்தாள். "ஒரு தடவைகூடப் பாக்கல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்லப்பா."

எவரிஸ்தோ ஆரஞ்சுச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஐந்து மணி நேரம் எதிரில் இருக்கும் பெண்ணை ஒரு ஆண் ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருக்கிறான் என்றால், அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்.

வியாழக்கிழமை வரை இலாரியா தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பாத்திரம் கழுவும்போது சிரித்தாள். அவனுக்குச் சாப்பாடு போட்டாள், அன்பாகவே போட்டாள், உருளைக்கிழங்கு கூடுதலாக வைத்தாள். போகப்போகிறவள் கடைசியாகக் காட்டும் கரிசனம் என்று அவன் ஒவ்வொரு கிழங்கையும் மென்று விழுங்கினான். புதன்கிழமை அவன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நாளைக்கு முடிஞ்சதும் வீட்டுக்குத்தானே வருவ?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது. "நீ நாளைக்கு எப்படி நடந்துக்கறியோ, அதைப் பொறுத்தது," என்றாள்.

சமரச அதிகாரி இளைஞன். மேசையில் கறி அடைத்துச் சுட்ட சல்தேன்யா ஒன்று பாதி தின்றபடி தட்டில் கிடந்தது. அதன் குழம்பு பட்டுவிடாமல் கோப்புகளை நகர்த்தி வைத்திருந்தான். ஒருபுறம் செனோன் தார்க்கி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. மறுபுறம் எவரிஸ்தோ, இலாரியா. மெல்ச்சோரா தானும் வருவேன் என்று வந்து, சுவரோரப் பெஞ்சில் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். எவரிஸ்தோ தன் நாற்காலியை, செனோனுக்கும் இலாரியாவுக்கும் நடுவில் தன் தலை வருகிற மாதிரி நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"வாதி சொல்லுங்க," என்றான் அதிகாரி.

செனோன் தொப்பியின் விளிம்பைச் சுற்றினார். பக்கத்தில் பார்த்தால் அவருக்கும் வயதாகியிருந்தது. "எனக்குப் பீர் பெருசில்லீங்க. நான் எழுதினேன், பதில் இல்ல. நேர்ல வந்தேன், ஷட்டரை மூடினாரு. இவரோட ஒரு மேசையில உக்காந்து பேச எனக்கு வேற வழி தெரியல. யாரோ சொன்னாங்க, கேஸைப் போடு, வந்துதான் ஆகணும்னு."

"என்ன பேசணும்?" என்றான் எவரிஸ்தோ. இலாரியாவின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என் வீட்டு விசேஷத்துக்கு நீங்க மனசோட வரணும். பன்னெண்டு பெட்டி வராட்டியும் பரவாயில்ல."

"என்ன விசேஷம்?" என்று அதிகாரி பேனாவை எடுத்தான்.

"கல்யாணங்க."

"யாருக்கு?"

செனோனின் காது சிவந்தது. "எனக்குத்தான்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ யாரையோ மூன்றாம் எண் அறைக்குப் போகச் சொன்னார்கள். எவரிஸ்தோவுக்குள் பதினோரு வருடமாக இறுக்கி முறுக்கியிருந்த ஒரு திருகு மெல்லச் சுழன்று கழன்றது. இந்த மனிதர் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். வேறு ஒருத்தியை. இனி அந்த ஒருத்தி இவரைப் பார்த்துக்கொள்வாள். காவல் வேலை கைமாறிவிட்டது.

அவன் இலாரியாவைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவனைப் பார்த்து, அவனுக்காகவே.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"கிட்டங்கிக்குப் போன அன்னைக்குத்தான் சொன்னாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீயே அவர் வாயால கேக்கணும்னு இருந்தேன். நான் சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரிந்தது. அவன் எழுந்து மேசையைச் சுற்றிப்போய் செனோனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் முட்டாள்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சொல்லணும். எழுதிக்கங்க சார். பன்னெண்டு இல்ல, பதினஞ்சு பெட்டி. பாண்டோட வரேன். ஆடிக்கிட்டே வரேன்."

"நிதானமா," என்றான் அதிகாரி, எழுதிக்கொண்டே. "பதினஞ்சு."

"அவங்க வீட்டு ஜன்னல் எல்லாத்துக்கும் நீலக் கண்ணாடி என் செலவுல."

"ஜன்னல்... கண்ணாடி."

"கல்யாணத்துக்குப் பொறுப்பு நான். மண்டபம், சாப்பாடு, எல்லாம் முன்ன நின்னு நடத்தறேன். யாராவது தடை சொன்னா அவங்களை நான் பாத்துக்கறேன். பொண்ணு வீட்டுப் பக்கம் யாராவது தகராறு பண்ணுவாங்களா அண்ணே?"

செனோன் தொப்பியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "ஒரே ஒரு ஆளு இருக்காருங்க. கொஞ்சம் கோவக்காரர்."

"விடுங்க. அந்த ஆளை நான் சம்மதிக்க வைக்கறேன். இதையும் எழுதுங்க சார். எழுத்துல இருக்கட்டும்."

அதிகாரிக்கு இப்படி ஒரு வியாழக்கிழமை வாய்த்ததில்லை. தட்டை இன்னும் தள்ளி வைத்துவிட்டு வேகமாக எழுதினான். பிரதிவாதி, வாதியின் திருமணத்துக்குப் பூரண சம்மதம் தெரிவித்து, மணமகள் தரப்பில் ஆட்சேபம் எழுந்தால் அதைத் தானே தீர்த்துவைப்பதாக ஒப்புக்கொள்கிறார். இது தீர்ப்புக்குச் சமம், பின்வாங்க இயலாது. ஒருமுறை உரக்கப் படித்தான்.

"சம்மதமா?"

"பூரண சம்மதம்," என்றான் எவரிஸ்தோ. இந்த முறை வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டான். மூன்றும் அழகாக விழுந்தன. செனோன் போட்டார். அதிகாரி முத்திரை குத்தினான். இலாரியா அவன் முதுகில் கை வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தாள். அவன் கண் கலங்கியது.

"ஒரு இடம் காலியா இருக்கு," என்றான் அதிகாரி. "மணமகள் பேரு போடணும். யாருங்க?"

செனோன் மறுபடி தொப்பியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். இலாரியாவின் கை எவரிஸ்தோவின் முதுகிலிருந்து நகர்ந்து, அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சுவரோரப் பெஞ்சில் பின்னல் ஊசிகள் நின்றன.

"மெல்ச்சோரான்னு எழுதிக்கங்க தம்பி," என்றாள் அம்மா. "அதான் எம் மகனே கையெழுத்துப் போட்டுட்டானே."